ஐ.நா. தலைமையகமும் அதன் பாதுகாப்பும்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.நா. தலைமையகம் பற்றி நம் பக்கத்தில் மூன்று வகை ஆட்கள் கேட்கிறார்கள். பிள்ளை நியூஜெர்சியில் வேலை பார்க்கிறான், போய் ஆறு மாதம் இருக்கப்போகிறோம், ஐ.நா. சபையையும் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்கும் பெற்றோர் ஒரு வகை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இன்னொரு வகை. ராணுவத்தில் பணி முடித்து வந்து ‘ஐ.நா. செக்யூரிட்டி வேலை’க்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் மூன்றாவது. மூன்று பேருக்கும் சேர்த்தே இந்தப் பக்கம். அவரவர்க்கு வேண்டிய கேள்விக்கு நேரே போய்விடலாம். முதல் கேள்வியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள், மற்றது எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஐ.நா. கட்டடம் இருப்பது அமெரிக்க மண்ணா, இல்லையா?

மண் அமெரிக்காவுடையது, நிர்வாகம் ஐ.நா.வுடையது. ‘அமெரிக்கச் சட்டம் செல்லாத சர்வதேச மண்’ என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறவர்கள் அதைப் பாதி அழித்துவிடலாம்.

ஐ.நா.வும் அமெரிக்காவும் 1947 ஜூன் 26-ல் கையெழுத்திட்ட தலைமையக ஒப்பந்தம்தான் இதில் கணக்கு. அதன் 7-ஆம் பிரிவு, வளாகம் ஐ.நா.வின் கட்டுப்பாட்டில் இருக்கும் என்கிறது. ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத விஷயங்களில் அமெரிக்க, நியூயார்க் சட்டங்களே செல்லும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. 9-ஆம் பிரிவு வளாகத்தின் மீறவொண்ணாமையைச் சொல்கிறது. பொதுச்செயலாளரின் சம்மதம் இல்லாமல் அமெரிக்க அதிகாரி யாரும், போலீஸ் உட்பட, கடமையைச் செய்ய உள்ளே நுழைய முடியாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. கைதுக்குப் பயந்து ஓடி வருகிறவனுக்கு அந்த வளாகம் புகலிடமாகிவிடாமல் ஐ.நா. பார்த்துக்கொள்ள வேண்டும். 16-ஆம் பிரிவின்படி வளாகத்தின் எல்லையில் போதுமான போலீஸ் காவல் போடுவது அமெரிக்காவின் பொறுப்பு.

ஜூஜூவாடியைத் தாண்டிக் கர்நாடகத்து அத்திப்பள்ளிக்குள் ஓடிவிட்ட ஆளைப் பிடிக்க, ஓசூர் போலீஸ் அந்தப் பக்கத்துப் போலீசுக்குச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். நியூயார்க் முதல் அவென்யூவில் அந்த எல்லை ஒரு இரும்பு வேலி. வேலிக்கு வெளியே நியூயார்க் போலீஸ், உள்ளே ஐ.நா. காவலர். பாதுகாப்பில் வரும் சிக்கல்களில் பாதி இந்த வேலி யாருடையது என்பதில் தொடங்குகிறது.

அந்த இடம் எப்படிக் கிடைத்தது?

மன்ஹாட்டனில், ஈஸ்ட் ரிவர் கரையில், 42-ஆம் தெருவுக்கும் 48-ஆம் தெருவுக்கும் நடுவே சுமார் 18 ஏக்கர். முன்பு ஆடுமாடு அறுக்கும் கூடங்கள் இருந்த பகுதி. 1946 டிசம்பரில் ஜான் டி. ராக்கஃபெல்லர் ஜூனியர் 85 லட்சம் டாலர் கொடுத்து இடத்தை வாங்க வழி செய்தார். 39 மாடிச் செயலகக் கட்டடத்துடன் வளாகம் 1952-ல் முடிந்தது. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

யார் எதைக் காக்கிறார்கள்?

வளாகத்துக்குள் வெளிர்நீலச் சட்டையில் நிற்பவர்கள் ஐ.நா.வின் சொந்தக் காவலர்கள். பல நாட்டுக்காரர்கள். துப்பாக்கி வைத்திருப்பார்கள். வாசல் சோதனை, மண்டபக் காவல், தீயணைப்பு, பொதுச்செயலாளரின் மெய்க்காவல் எல்லாம் இவர்கள் கையில். இவர்களுக்கு மேலே இருப்பது 2005 தொடக்கத்திலிருந்து இயங்கும் ஐ.நா. பாதுகாப்புத் துறை. உலகம் முழுக்க ஐ.நா. ஊழியர்களின் பாதுகாப்பும் அதன் பொறுப்பே.

தெரு நியூயார்க் மாநகரப் போலீசுக்கு. வருகிற நாட்டுத் தலைவர்களுக்கு அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ். வெளியுறவு அமைச்சர்களுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறையின் தனிக் காவல் பிரிவு. ஆற்றைக் காப்பது கடலோரக் காவல் படை. ஒரு தலைவர் ஓட்டலிலிருந்து மேடைவரை போய்ச் சேர்வதற்குள் குறைந்தது மூன்று கைகள் மாறுகிறார். நம் ஊரில் ஒரு வி.ஐ.பி. வந்தால் ஓசூரிலிருந்து தர்மபுரிவரை ஒரே காவல் துறையின் வாக்கி-டாக்கியில் வேலை முடிந்துவிடும். அங்கே வாக்கி-டாக்கியே வேறுவேறு.

இந்தக் கட்டடத்தைக் காப்பது ஏன் இவ்வளவு சிரமம்?

பாதுகாப்பை மனதில் வைத்து அந்த இடத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு பக்கம் ஆறு. எதிர்ப்பக்கம் முதல் அவென்யூ, அதன் அடியில் வாகனம் ஓடும் சுரங்கப்பாதை. ஆற்றுப் பக்கம் மாநாட்டுக் கட்டடத்தின் ஒரு பகுதி எஃப்.டி.ஆர். நெடுஞ்சாலையின் மேலேயே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கட்டடத்துக்குக் கீழேயே நாள் முழுக்க வண்டி ஓடுகிறது என்று அர்த்தம்.

இதில் தூரம் ஏன் முக்கியம் என்பதைக் கல்குவாரியில் வேட்டு வைப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சங்கு ஊதி ஆட்களை விரட்டும் தூரம்தான் உயிரைக் காக்கிறது. வெடிப்பின் அழுத்தம் தூரம் கூடக்கூட மிக வேகமாகக் குறையும். எட்டு மடங்கு வெடிபொருள் வெடித்தாலும் அதே அளவு அழுத்தம்தான் வந்து சேர வேண்டுமானால் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் போதும். அதனால்தான் உலகெங்கும் முக்கியக் கட்டடங்களைச் சாலையிலிருந்து தள்ளிக் கட்டுகிறார்கள், வாசலில் கான்கிரீட் தடுப்பு வைக்கிறார்கள். மன்ஹாட்டனில் தள்ளிப் போக இடம் இல்லை. தள்ள முடியாததால் சுவரையும் கண்ணாடியையும் பலப்படுத்த வேண்டியதாயிற்று.

கண்ணாடி தனிக் கதை. செயலகக் கட்டடத்தின் அழகே அதன் பச்சைக் கண்ணாடிச் சுவர்தான், பெரிய பலவீனமும் அதுவே. வெடிப்பில் நெருப்பைவிடப் பறந்து வரும் கண்ணாடிச் சில்லுகளே அதிகம் பேரைக் காயப்படுத்தும். 2008-ல் தொடங்கிய பெரிய புதுப்பிப்பில் பழைய கண்ணாடி முழுவதையும் கழற்றிவிட்டு, வெடிப்பைத் தாங்கும் கண்ணாடி போட்டார்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டுவது அதன் அடிப்படை. ஓசூர் சாலையில் லாரியின் முன் கண்ணாடியில் கல் பட்டால் சிலந்திவலை மாதிரி விரியும், ஆனால் ஓட்டுநரின் மடியில் கொட்டாது அல்லவா, அதே வேலை. கண்ணாடியைப் பிடித்திருக்கும் சட்டமும் சேர்ந்து தாங்க வேண்டும். கண்ணாடி மட்டும் பலமாக இருந்து சட்டம் பலவீனமாக இருந்தால், முழுப் பலகையும் கழன்று உள்ளே விழும், அது இன்னும் மோசம். கல்நார் அகற்றல், மின் இணைப்பு, குளிர்சாதனம் எல்லாம் சேர்த்துப் புதுப்பிப்புக்கு 200 கோடி டாலருக்கு மேல் ஆனது.

பாதுகாப்பு என்றால் குண்டு மட்டும் இல்லை. 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது ஈஸ்ட் ரிவர் பொங்கிக் கட்டடத்தின் கீழ்த்தளங்களில் வெள்ளம் புகுந்தது, தலைமையகத்தைச் சில நாள் மூட வேண்டியிருந்தது. எந்த ஆயுதக் குழுவும் செய்யாததைத் தண்ணீர் செய்துவிட்டுப் போனது.

நியூயார்க் தலைமையகத்தின் மேல் தாக்குதல் நடந்திருக்கிறதா?

1964 டிசம்பர் 11 நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். பொதுச்சபையில் கியூபாவின் சே குவேரா பேசிக்கொண்டிருந்தார். ஆற்றின் அக்கரையில், குயின்ஸ் பக்கத்திலிருந்து ஒரு பசூக்காக் குண்டு பறந்தது. கட்டடத்தைத் தொடவில்லை. கரைக்குச் சுமார் 200 கஜம் முன்னாலேயே தண்ணீரில் விழுந்து, நீர் எழும்பி, ஜன்னல்கள் அதிர்ந்தன. அதே நாளில் வாசல் பக்கம் ஒரு பெண் வேட்டைக் கத்தியோடு உள்ளே நுழையப் பார்த்துப் பிடிபட்டார்.

ஒகேனக்கல்லில் பரிசலில் போனவர்களுக்கு இதன் பொருள் சட்டென்று புரியும். இக்கரை தமிழ்நாடு, அக்கரை கர்நாடகம். இந்தக் கரையில் எவ்வளவு காவல் போட்டாலும் அந்தக் கரையில் யார் நிற்கிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. பெரிய கூட்டங்களின்போது ஈஸ்ட் ரிவரில் படகுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது இதனால்தான்.

1993 ஜூனில் நியூயார்க்கின் முக்கிய இடங்களைத் தகர்க்கத் திட்டமிட்ட ஒரு கும்பலைப் பிடித்தார்கள். அவர்கள் பட்டியலில் ஐ.நா. தலைமையகமும் இருந்தது. 2002 அக்டோபர் 3-ல் ஒருவர் வேலியைத் தாண்டிக் குதித்துச் செயலகத்தை நோக்கிச் சுட்டார். சில குண்டுகள் கட்டடத்தில் பட்டன, யாருக்கும் காயமில்லை. வழக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்தது என்பதைக் கவனியுங்கள், முதல் கேள்வியில் சொன்ன ‘அமெரிக்கச் சட்டம் செல்லும்’ என்பது இதுதான். 2021 டிசம்பர் 2-ல் துப்பாக்கியைத் தன் மேலேயே வைத்துக்கொண்டு ஒருவர் வாசலுக்கு வெளியே மணிக்கணக்கில் நின்றார். அது வேலிக்கு வெளியே நடந்ததால் பேசிச் சரணடைய வைத்தது நியூயார்க் போலீஸ்.

பாக்தாத் கனால் ஹோட்டல் குண்டுவெடிப்பை ஏன் எப்போதும் சொல்கிறார்கள்?

ஐ.நா.வின் பாதுகாப்புச் சிந்தனையே அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரிந்துவிட்டது. 2003 ஆகஸ்ட் 19 மாலை, ஈராக்கில் ஐ.நா. அலுவலகமாக இருந்த கனால் ஹோட்டலை ஒட்டிய சாலையில், தூதர் செர்ஜியோ வியேரா டி மெல்லோவின் அறை ஜன்னலுக்குக் கீழே, வெடிபொருள் ஏற்றிய லாரி வெடித்தது. அவரையும் சேர்த்து 22 பேர் இறந்தார்கள். ஆகஸ்ட் 19 உலக மனிதாபிமான நாளானது இப்படித்தான்.

விசாரணையில் வெளியே வந்ததுதான் கசப்பு. வாசலில் ராணுவம் நின்றால் மக்கள் நம்மிடம் வரமாட்டார்கள் என்று நினைத்து, அமெரிக்கக் கூட்டணிப் படையின் கனத்த காவலைக் குறைக்கச் சொன்னதே ஐ.நா.தான். நினைத்தது முட்டாள்தனம் இல்லை. உதவி கேட்டு வருகிறவன் கோட்டைக் கதவைத் தட்டத் தயங்குவான். ஆனால் நீலக் கொடியைப் பார்த்தால் யாரும் அடிக்க மாட்டார்கள் என்ற பழைய நம்பிக்கை அன்றோடு போயிற்று. தனித்தனியே கிடந்த பாதுகாப்பு அலுவலகங்களைச் சேர்த்து ஒரே துறையாக்கினார்கள்.

அதற்குப் பிறகும் அடி விழாமல் இல்லை. 2007 டிசம்பர் 11 அல்ஜியர்ஸில் 17 ஐ.நா. ஊழியர்கள் இறந்தார்கள். 2011 ஆகஸ்ட் 26 நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் ஐ.நா. கட்டடத்தின் மேல் கார்குண்டு. இரண்டிலுமே வாகனம்தான் ஆயுதம். வாசலில் பையைச் சோதிப்பதைவிட வண்டியை எங்கே நிறுத்துவது என்பது ஏன் பெரிய கேள்வி என்று இப்போது புரியும்.

ஐ.நா.வின் ‘பாதுகாப்பு நிலை’ என்பது என்ன?

ஒவ்வொரு பகுதிக்கும் 1 முதல் 6 வரை எண் கொடுக்கிறார்கள். 1 மிகக் குறைவு, 2 குறைவு, 3 மிதம், 4 கணிசம், 5 அதிகம், 6 உச்சம். ஆயுத மோதல், பயங்கரவாதம், குற்றம், உள்நாட்டுக் கலவரம், இயற்கை ஆபத்து எல்லாம் சேர்த்து மதிப்பிடுவார்கள். எண் கூடினால் உடனே கிளம்பு என்று அர்த்தம் இல்லை. இந்த வேலை இந்த ஆபத்துக்குத் தகுமா என்று பார்த்துத்தான் முடிவு.

செப்டம்பரில் ஏன் நகரமே நிற்கிறது?

பொதுச்சபையின் உயர்மட்ட வாரம். உறுப்பு நாடுகள் 193. அவற்றில் பாதிக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து தலைவர்களோ பிரதமர்களோ ஒரே வாரத்தில் ஒரே தெருவுக்கு வருகிறார்கள். முதல் அவென்யூவை மூடுவார்கள், சுரங்கப்பாதையையும் சேர்த்து. குறுக்குத் தெருக்களின் வாயில் மணல் நிரப்பிய மாநகராட்சி லாரிகளைக் குறுக்கே நிறுத்துவார்கள். பல டன் மணல் ஏற்றிய லாரியை எந்த வண்டியாலும் இடித்துத் தள்ள முடியாது, வேலை முடிந்ததும் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். இதைவிட மலிவான நகரும் கோட்டைச் சுவர் கிடையாது. அந்த வாரத்தில் சுற்றிப்பார்க்க அனுமதி கிடையாது. பெற்றோரைக் கூட்டிப்போக நினைப்பவர்கள் செப்டம்பர் பின்பாதியைத் தவிர்த்துவிடுங்கள்.

2025 செப்டம்பர் 23 நடந்த நகரும் படிக்கட்டு விவகாரம் பாதுகாப்பு வேலையின் தன்மையை நன்றாகக் காட்டும். அமெரிக்க அதிபர் டிரம்ப் கால் வைத்ததும் எஸ்கலேட்டர் நின்றுவிட்டது. சதி என்று பேச்சு கிளம்பி விசாரணைவரை போனது. ஐ.நா. சொன்ன விளக்கம் இது: அதிபருக்கு முன்னால் படம் பிடித்தபடி பின்னோக்கி ஏறிய அமெரிக்கக் குழுவின் ஒளிப்பதிவாளர், மேல்முனையில் இருந்த பாதுகாப்பு அமைப்பைத் தெரியாமல் தூண்டியிருக்கலாம். எஸ்கலேட்டர் முடியும் இடத்தில் படிகள் உள்ளே நுழையும் வாயில் சீப்புப் பல் மாதிரி ஒரு தகடு இருக்கும். புடவைத் தலைப்போ செருப்போ சிக்கினால் அந்தத் தகடு லேசாக நகரும், உடனே சுவிட்ச் மின்சாரத்தை வெட்டிவிடும். மாலில் குழந்தையின் விரலைக் காப்பாற்றுவது அதே தகடுதான். காப்பதற்காக வைத்த கருவி சரியாக வேலை செய்ததே பாதுகாப்புக் குறைபாடு என்று பெயர் வாங்கியது.

அதே நாளில் சீக்ரெட் சர்வீஸ் இன்னொன்றை அறிவித்தது. நியூயார்க் வட்டாரத்தில், கூட்டம் நடக்கும் இடத்திலிருந்து 35 மைலுக்குள், பல சிம் கார்டுகளை ஒரே நேரத்தில் இயக்கும் 300-க்கும் மேற்பட்ட சிம் சர்வர்களையும் ஒரு லட்சம் சிம் கார்டுகளையும் கைப்பற்றியதாக. ஏறக்குறைய கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் உள்ள தூரத்துக்குள். கைபேசிக் கோபுரங்களைத் திணறடிக்க முடியும் என்பது அதிகாரிகள் சொன்ன ஆபத்து. மோசடி அழைப்புக்கு வைக்கும் வழக்கமான சிம் பண்ணைதான் என்று சொன்ன வல்லுநர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும், ஆம்புலன்ஸும் போலீசும் தலைவர்களின் காவலும் நம்பியிருக்கும் அலைவரிசை அது.

ஒட்டுக்கேட்பு, ஹேக்கிங் உண்டா?

நிறைய. இராக் போருக்கு முன், 2003-ல், பாதுகாப்பு அவையில் இன்னும் முடிவெடுக்காத நாடுகளின் தூதர்களை ஒட்டுக்கேட்க உதவி கேட்ட அமெரிக்க உளவு அமைப்பின் மின்னஞ்சலைப் பிரிட்டிஷ் ஊழியர் கேத்தரின் கன் வெளியே கொடுத்தார். 2013-ல் ஐ.நா.வின் காணொளி மாநாட்டு மறையாக்கத்தை அதே அமைப்பு உடைத்ததாகச் செய்தி வந்தது. இந்த இரண்டிலும் குற்றம் சாட்டப்பட்டது காவல் பொறுப்புள்ள நாடே. வீட்டுக்காரனே கூரையில் ஓட்டை போட்டால் குடியிருப்பவன் எங்கே போவான்?

2019-ல் ஜெனிவா, வியன்னா அலுவலகங்களின் சர்வர்களில் ஊடுருவல் நடந்தது. காரணம் பெரிய மர்மம் இல்லை. ஷேர்பாயிண்ட் மென்பொருளில் ஏற்கெனவே திருத்தம் வெளியாகியிருந்த ஓட்டையை அடைக்காமல் விட்டிருந்தார்கள். ‘அப்டேட்டை நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்பது ஐ.நா.விலும் உண்டு.

பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா யாரையும் வரவிடாமல் செய்யலாமா?

ஒப்பந்தத்தின் 11-ஆம் பிரிவுப்படி ஐ.நா. வேலையாக வருகிறவர்களின் பயணத்தைத் தடுக்கக் கூடாது. ஆனால் ஒப்பந்தத்தை ஏற்கும்போதே அமெரிக்கக் காங்கிரஸ் தேசப் பாதுகாப்பு என்று ஒரு விலக்கைச் சேர்த்துக்கொண்டது. 1988-ல் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் யாசர் அராஃபத்துக்கு விசா மறுத்தார்கள். பொதுச்சபையே ஜெனிவாவுக்குப் போய் அவர் பேச்சைக் கேட்டது. 2025-ல் பாலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸுக்கு விசா கிடைக்கவில்லை, அவர் காணொளியில் பேசினார். இந்த விலக்கு செல்லுமா என்பதில் ஐ.நா.வுக்கும் அமெரிக்காவுக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

சுற்றிப்பார்க்கப் போகிறோம். என்ன செய்ய வேண்டும்?

தனி விசா எதுவும் வேண்டாம், பிள்ளையைப் பார்க்கப் போகும் சுற்றுலா விசாவே போதும். வழிகாட்டியுடன் போகும் சுற்றுக்கு ஐ.நா.வின் இணையதளத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளிவரைதான். பிள்ளைக்கு லீவு சனி, ஞாயிறு என்பதுதான் இங்கே எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம், ஆகவே ஒரு வேலை நாளுக்கு விடுப்பு எழுதச் சொல்லுங்கள். 5 வயதுக்குக் குறைந்த பேரக்குழந்தையைச் சுற்றுக்கு விடமாட்டார்கள். யாராவது ஒருவர் வெளியே இருந்தாக வேண்டும்.

டிக்கெட் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். முதலில் போக வேண்டியது வளாகத்துக்கு எதிரே, 45-ஆம் தெரு முனையில் முதல் அவென்யூ 801-ஆம் எண்ணில் இருக்கும் பதிவு அலுவலகம். நேரே கொடிகள் பறக்கும் வாசலுக்குப் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். பதிவு அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்துகொண்டு, பிறகு சாலையைக் கடந்து 46-ஆம் தெரு வாசலில் விமான நிலையம் மாதிரியான சோதனை. பாஸ்போர்ட் அசலே வேண்டும், போனில் எடுத்த படமோ ஜெராக்ஸோ உதவாது. நெருங்கிய சுரங்க ரயில் நிலையம் கிராண்ட் சென்ட்ரல், அங்கிருந்து 42-ஆம் தெரு வழியே கிழக்கே நடந்தால் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

சோதனையில் எது மாட்டும்?

பெரிய பை. பொருள் வைத்துவிட்டுப் போகும் அறை அங்கே கிடையாது என்பதால், விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே வந்தவர்கள் தெருவிலேயே நிற்க வேண்டியதுதான். பாட்டியின் சுருக்குப்பையில் இருக்கும் பாக்குவெட்டி கூர்மையான ஆயுதம் என்ற கணக்கில் போகும். திரும்பக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சிறு கத்தி, கத்தரிக்கோலும் அப்படியே.

கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண், கனத்த தாலிச்சரடு எல்லாவற்றுக்கும் உலோகம் காட்டும் வாசல் பீப் அடிக்கும். பதற வேண்டாம். கைக்கருவியால் தடவிப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த வாசலுக்குள் நுழையும் முன்பே சொல்லிவிட வேண்டும். இன்சுலின் ஊசி எடுத்துப் போகிறவர்கள் மருந்துச் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது. சிக்கலா?

நம் பக்கத்தில் அதிகம் வரும் கேள்வி இது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக, பெயர் கட்டத்தில் ‘பழனியம்மாள்’ என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். அமெரிக்க விசாவில் பழனியம்மாள் குடும்பப் பெயராகப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று மூன்று எழுத்து வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. யாரோ தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று பதறி விசா அலுவலகத்துக்கு மெயில் போட வேண்டாம். விமான டிக்கெட்டிலும் ஐ.நா. டிக்கெட்டிலும் இரண்டு கட்டமும் கட்டாயம் என்று கேட்டால், விசாவில் அச்சிட்ட அதே வரிசையில் நிரப்புங்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயரை ஒரு இடத்தில் போட்டு, இன்னொரு இடத்தில் போடாமல் விடுவதுதான் வாசலில் நேரத்தைத் தின்கிறது.

உள்ளே என்ன பார்க்கலாம்?

பொதுச்சபை மண்டபம், பாதுகாப்பு அவை. கூட்டம் நடந்துகொண்டிருந்தால் சில அறைகளை மூடிவிடுவார்கள், அதற்குப் பணம் திரும்பக் கேட்க முடியாது. துப்பாக்கிக் குழாயை முடிச்சுப் போட்ட சிலை, 1982-ல் இந்தியா கொடுத்த சூரியதேவன் கற்சிலை, 2022 டிசம்பரில் வைத்த காந்தி மார்பளவுச் சிலை. ஐ.நா.வுக்குச் சொந்த அஞ்சல்தலை உண்டு. அதை ஒட்டிய கடிதத்தை அங்கேயே போட்டால்தான் செல்லும், வாங்கி வந்து காரிமங்கலத்தில் போட முடியாது.

முன்னாள் ராணுவத்தினருக்கு ஐ.நா. காவல் வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் சென்னையில் யாரோ ‘வாங்கித் தரும்’ வேலையாக இல்லை. நியூயார்க் வாசலில் நிற்கும் காவலர் பணி உள்ளூர் ஆட்சேர்ப்பு. இங்கிருந்து கூட்டிப்போக மாட்டார்கள். வெளிநாடுகளில் களப்பணிப் பிரிவில் வரும் பாதுகாப்புப் பணியிடங்களுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். அனுபவம், ஆங்கிலம், ஓட்டுநர் உரிமம் எல்லாம் கேட்பார்கள். அறிவிப்பு வெளியாகும் இடம் ‘கேரியர்ஸ் டாட் யுஎன் டாட் ஓஆர்ஜி’. பணியில் இருக்கும் காவலர்கள் அமைதிப்படைக்குப் போவது வேறு வழி, காவல் துறையும் மத்திய உள்துறையும் தேர்ந்தெடுத்து அனுப்புவது.

தயாராக வேண்டுமென்றால் ‘பிசேஃப்’ என்ற ஐ.நா. பாதுகாப்புப் பயிற்சியை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், ஊழியர்களுக்கே கட்டாயமானது அது.

ஐ.நா. முத்திரையோடு கடிதம் வந்திருக்கிறது. நிஜமா?

பணம் கேட்டிருந்தால் பொய். விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி, மருத்துவப் பரிசோதனை எதற்கும் ஐ.நா. பணம் வாங்காது, வங்கிக் கணக்கு விவரமும் கேட்காது. அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். ‘யுஎன் டாட் ஓஆர்ஜி’ என்று முடியாமல், நடுவில் கோடு போட்டு ‘யுஎன்-செக்யூரிட்டி’ என்றோ, ஜிமெயில் என்றோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேலை அறிவிப்பு எண் ஒன்று இருக்க வேண்டும். அதை இணையதளத்தில் தேடினால் வர வேண்டும்.

‘ஐ.நா. அங்கீகரித்த மதிப்புறு டாக்டர் பட்டம்’ என்று ஃபிளக்ஸ் வைக்கிற வழக்கமும் நம் பக்கம் வந்துவிட்டது. ஐ.நா. அப்படிப் பட்டம் விற்பதில்லை. ஐ.நா.வின் பெயர், சின்னம், முத்திரை ஆகியவற்றை அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதை இந்தியாவில் 1950-ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் முதல் வரியே ஐ.நா.தான்.

பணம் போட்டுவிட்டீர்கள் என்றால் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு இருக்கிறது. பணம் அனுப்பிய ரசீது, யுபிஐ எண், வாட்ஸ்அப் உரையாடல், அந்தக் கடிதம் எதையும் அழிக்காதீர்கள். வெட்கத்தில் உரையாடலை அழித்துவிட்டு வந்து புகார் கொடுப்பவர்கள்தான் அதிகம், அப்புறம் காட்ட ஒன்றும் இருக்காது.